நெலிதாவின் குரலும் யாஹைராவின் பேரும்

நெலிதா செர்னாகே கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள். கழுவி வைத்ததையே எடுத்து மறுபடியும் கழுவுவாள். சுயானா நகரத்தில் அவள் குடியிருந்த சந்தில், சட்டி உருளும் சத்தத்தை வைத்தே 'சிராவின் கொக்குகள்' குழுவில் இன்றைக்கு என்ன அநியாயம் நடந்தது என்று அக்கம்பக்கத்தார் ஊகித்துவிடுவார்கள். 'புதுச் சிறகு' ஆல்பம் வெளிவந்த வாரத்தில் ஒரு அலுமினியச் சட்டிக்கு அடியே தேய்ந்து போயிற்று. தேயாமல் என்ன செய்யும்? அவளுக்கு நடந்தது எனக்கு நடந்திருந்தால் நான் சட்டியோடு நின்றிருக்க மாட்டேன்.

சிராவின் கொக்குகள், கும்பியா என்கிற ஆட்டப்பாட்டைப் பெண்கள் பாடுகிற குழு. முழங்கால் வரை வெள்ளை பூட்ஸ், குட்டைப் பாவாடை, தலையில் ஒரு இறகு. வாத்தியம் வாசிக்கிறவர்கள் ஆண்கள், முதலாளியும் ஆண். லிமாவுக்கு வடக்கே எங்கள் பக்கம் இந்த மாதிரிக் குழுக்களுக்குப் பஞ்சமே கிடையாது, எல்லாவற்றிலும் நடைமுறை ஒன்றுதான். குழுவின் பேர் முதலாளிக்குச் சொந்தம், பெண்கள் வருவார்கள், போவார்கள். முதலாளி வில்மெர் திமானா அதற்கு முன்னால் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். பஸ்ஸில் ஒருத்தர் இறங்கினால் அதே சீட்டில் இன்னொருத்தரை உட்கார வைப்பார் அல்லவா, பாட்டிலும் அதே கணக்குத்தான் போட்டார்.

நெலிதா மட்டும் இறங்கவே இல்லை. இருபது வயது தாண்டியதும் சேர்ந்தவள், முப்பத்தைந்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போஸ்டரில் இடது பக்கத்திலிருந்து மூன்றாவது ஆள். அகலமான உடம்பு, சிரித்தால் ஓரத்துப் பல்லில் ஒரு தங்கப் பூண். முன்னால் நின்று பாடுகிறவர்களின் சுருதி இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தது அவள் குரல்தான். அது குழுவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தவர்கள் வெளியே சொன்னால்தானே?

அவள் பிறந்த ஊர் அல்கரோபால், சிரா ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவள் அம்மா ஹசிந்தா அங்கே சந்தையில் மீன் பொரித்து, வாழைக்காய் வறுவலோடும் சோளக் கள்ளோடும் விற்கிறவள். எதிர்க்கடையில் ஆட்டுக்கறி விற்கும் தொமித்திலாவுக்கு வாய் ஓயாது.

"ஏன் ஹசிந்தா, உன் பொண்ணு பாடுறாளா, இல்ல பின்னாடி நின்னு இடுப்பை மட்டும் ஆட்டுறாளா?"

"பாடுறாடி!"

"எந்தப் பாட்டுல? அவ பேரை ஒரு பாட்டுலயும் கேட்டதில்லையே!"

இதற்கு ஹசிந்தா மீனைத் திருப்பிப் போடத்தான் குனிவாள். எங்கள் பாட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. வாத்தியம் ஒரு சுற்று ஓடி முடிந்து குரல் எழும் நேரத்தில், அறிவிப்பாளர் பாடுகிறவளின் பேரைக் கூவுவார். 'இன்னாரின் குரலில்!' என்று. பேர் கூவாத பாட்டு ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை மாதிரி. குழுவில் புதிதாக ஒருத்தி வந்தால், புது ஆல்பம் வரும் வரைக்கும் பழையவளின் குரலுக்கே மேடையில் வாயசைப்பாள். அதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை, பாடினவள் பேர்தான் பாட்டுக்குள்ளேயே இருக்கிறதே. மேடையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். பேரைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் நடுவில் நின்று பாடிய கிரெய்சி, முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு தனிக்குழு தொடங்கப் போய்விட்டாள். போகும்போது சும்மா போகவில்லை, இரண்டு பெண்களையும் கிட்டாரிஸ்டையும் கூட்டிக்கொண்டு போனாள். திருவிழாக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. திமானா சிக்லாயோவிலிருந்து யாஹைரா என்ற பெண்ணைப் பிடித்து வந்தார். தொலைக்காட்சி நடனப் போட்டியில் கலந்துகொண்டவள், பார்க்க பொம்மை மாதிரி இருப்பாள். பாட்டு? அதை மட்டும் கேட்கக் கூடாது. கூடவே ஆட்டத்துக்கு இரண்டு பெண்கள். போஸ்டர் தயார், ஆல்பத்துக்குப் பேரும் தயார். பாட ஆள்தான் இல்லை.

"நெலிதா, நீதாம்மா கை கொடுக்கணும்," என்று திமானா தேனாகக் குழைந்தார். "முழு ஆல்பத்தையும் நீயே பாடு. முதல் குரல், ரெண்டாங்குரல், எல்லாம்."

"பாடுறேன் முதலாளி. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். பாட்டுல என் பேரைக் கூவணும்."

"இவ்வளவுதானா? அயபாகா ஆண்டவர் மேல சத்தியம்! உன் பேரைத்தான் கூவுவோம்."

ஆண்டவர் மேல் சத்தியம் செய்த பிறகு வேறென்ன வேண்டும்? நெலிதா அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்தாள். ஹசிந்தா மறுநாளே சந்தை முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள்: புது ஆல்பத்தில் முதல் பாட்டு, 'உன் சாவியை வாங்கிக்கோ', கேட்டுவிட்டு வந்து பேசுங்கடி!

ஸ்டுடியோ என்பது ரோலோ என்கிற டெக்னீஷியனின் வீட்டு மாடி அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும், விசிறி போட்டால் சத்தம் பதிவாகும் என்று அதையும் அணைத்துவிடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் வேர்வை வழிய நெலிதா பாடினாள். குடிகாரக் காதலனை வாசலோடு அனுப்புகிற பெண்ணின் பாட்டு அது. இத்தனை வருஷம் பின்வரிசையில் நின்ற ஆத்திரம் எல்லாம் அந்தக் குரலில் ஏறிவிட்டது. அறிவிப்பாளர் சேப்போ அவள் முன்னாலேயே மைக்கைப் பிடித்து, "நெலிதா செர்னாகேவின் குரலில்!" என்று கூவினார். அவளுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. நடுவில் வாத்தியம் தனியாக ஓடும் இடத்தில், பாடுகிறவள் வழக்கமாக ஏதாவது ஊருக்கு வாழ்த்துச் சொல்வாள். நெலிதா யோசிக்கவே இல்லை. "என்னைப் பெத்து வளர்த்த அல்கரோபால் சனங்களே, இது உங்களுக்கு!" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

ஆல்பம் வந்தது. எங்கள் ஊரில் ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்னால் மூன்று சக்கர மோட்டார் டாக்சிக்கு வந்துவிடும். அல்கரோபால் சந்தையில் ஒரு டாக்சிக்காரன் ஒலிபெருக்கியைத் திருகிவிட்டான். ஹசிந்தா மீன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "எல்லாரும் வாயை மூடுங்க!" என்று அதட்டினாள். வாத்தியம் ஒரு சுற்று ஓடியது. சேப்போவின் தொண்டை கணீரென்று வந்தது: "யாஹைராவின் குரலில்!"

அதற்குப் பிறகு வந்தது நெலிதாவின் குரல். நடுவில் அல்கரோபாலுக்கு வாழ்த்தும் வந்தது. தொமித்திலா கறி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஆகா, பேரைக் கேட்டோம்! நல்லாத்தான் இருக்கு பேரு!"

நெலிதாவின் போன் அலறியது.

"ஏண்டி, நான் பெத்தது உன்னையா, இல்ல அந்த யாஹைராவையா?"

"அம்மா, என்னம்மா சொல்ற?"

"பாட்டைப் போட்டுக் கேளு. கேட்டுட்டு உன் முதலாளி காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்து!"

நெலிதா கேட்டாள். முதல் தடவை நம்பவில்லை. இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்டாள். அடுத்து உட்கார்ந்து பாத்திரம் கழுவினாள். அதற்கும் அடங்காமல், ஈரக்கையோடு நேரே திமானாவின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் வறுத்த சோளத்தைக் கொறித்துக்கொண்டு போஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, என் பேரு எங்க?"

"எந்தப் பேரும்மா?"

"சேப்போ அண்ணன் கூவுன பேரு. இந்தக் காதால கேட்டேன்."

"ஓ, அதுவா? போஸ்டர்ல யாரு மூஞ்சியோ அவ பேருதான் பாட்டுல வரணும். இல்லேன்னா ஜனங்க குழம்பிடுவாங்க."

"ஜனங்க எங்க குழம்புறாங்க? நீங்கதான் குழப்புறீங்க. ஆண்டவர் மேல சத்தியம் பண்ணுனீங்களே!"

"ஆண்டவருக்கு வேற வேலை இல்லையா? இங்க பாரு, குரலை எவன் பார்த்தான்? மூஞ்சியத்தானே பார்க்குறான்."

"அப்ப அந்த மூஞ்சியை வச்சே பாடிக்கோங்க! என் குரலை எடுங்க!"

"எப்படி எடுக்கிறது? பாட்டு என்னுது, குழு என்னுது. அதுக்குள்ள இருக்கிற குரலும் என்னுது. கோபம் வந்தா ஒரு டம்ளர் தண்ணி குடி."

 உழுகிறவன் ஒருத்தன், உண்கிறவன் ஒருத்தன் என்பதாவது பரவாயில்லை. இங்கே உழுதவளையே மண்ணில் போட்டு மூடியாகிவிட்டது. வாசலில் சேப்போ நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்களுமா அண்ணே?"

"மறுபடி கூவச் சொன்னாரும்மா. எனக்கும் வீட்ல வயித்துக்கு வேணுமே."

குழுவை விட்டுப் போய்விடலாம்தான். ஆனால் போனால் குரல் அங்கேயே கிடக்கும், தட்டிக் கேட்க ஒரு நாதியும் இருக்காது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மேடைக்கு மேடை இடதுபக்கம் மூன்றாவது இடத்தில் நின்று, தன் குரலுக்கு இன்னொருத்தி வாயசைப்பதைப் பார்த்தாள். அந்தக் கொடுமை எதிரிக்கும் வரக்கூடாது.

இதற்கிடையில் அல்கரோபாலில் ஒரு சமாச்சாரம் நடந்தது. விழாக் கமிட்டித் தலைவர் அசுன்சியோன் யார்லெகேவுக்கு அந்த வாழ்த்து காதில் விழுந்து, தலைகால் புரியவில்லை. நம் ஊர் பேர் நாடு முழுக்கக் கேட்கிறது, பாடுகிறவள் நம் மண்ணில் பிறந்தவளாம்! அந்த வருஷத் திருவிழாவுக்குக் கொக்குகளைத்தான் கூப்பிடுவது, யாஹைராவின் தோளில் 'ஊர்ப்பிள்ளை' என்ற துணிப்பட்டை சூட்டுவது என்று கமிட்டி முடிவு செய்தது. ஹசிந்தா போய் அது தன் மகளின் குரல் என்று சொல்லிப் பார்த்தாள். "எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்லும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

திமானா வாழ்த்தை அழிக்காமல் விட்டதே இதற்காகத்தான், வாழ்த்தின ஊர்க்காரன் கட்டாயம் கூப்பிடுவான். அல்கரோபால் நெலிதாவின் ஊர் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் அவளைக் கூப்பிட்டு, முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு சொன்னார்: "திருவிழா அன்னைக்கு உனக்கு லீவு. பல்லு வலிக்குதுன்னியே, பியூராவுக்குப் போய்க் காட்டிட்டு வா."

சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகாதே என்று ஒருத்தன் சொல்கிறான். சொல்கிறவனுக்கு நாக்கு கூசவில்லை.  திருவிழா அன்று நெலிதா வெள்ளை பூட்ஸை மாட்டினாள், இறகைச் செருகினாள், மோட்டார் டாக்சியில் ஏறி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினாள். டாக்சியிலும் அதே பாட்டு. டாக்சிக்காரன் தலையை ஆட்டி, "என்னமா பாடுறா இந்த யாஹைரா!" என்றான்.

"மரியாதையா ரோட்டைப் பார்த்து ஓட்டுய்யா!" என்றாள் நெலிதா.

கால்பந்து மைதானத்தில் மேடை. மதிய வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜனம் அல்கரோபா மர நிழல் வரைக்கும் நெருக்கிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் ஹசிந்தா அடுப்பு விசிறியை விசிறியபடி உட்கார்ந்திருந்தாள், யார் அந்த யாஹைரா என்று பார்த்துவிட்டுத்தான் போவது என்று. பக்கத்தில் தொமித்திலா. நெலிதா மேடைக்குப் பின்னால் வந்து சேர்ந்தபோது, அசுன்சியோன் சிவப்பும் வெள்ளையுமான பட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு மேடையில் நின்றிருந்தார்.

"மகளே, எங்க ஊர்ல பிறந்தவன்னு நீயே பாட்டுல சொல்லிட்ட. சந்தோஷம். உன் அம்மா யாரு? அவங்களை மேலே கூப்பிடு."

எங்கள் பக்கம் ஊர்ப்பிள்ளைக்குப் பட்டையைக் கட்டுவது பெற்றவள் கைதான். பெற்றவள் இல்லையென்றால் பெற்றவளின் பேரையாவது சொல்லியாக வேண்டும். திமானா நகரத்து மனுஷன், இது அவருக்குத் தெரியாது. யாராவது கேட்டால் சொல்வதற்காகக் காலையில் கள்ளுக்கடையில் விசாரித்திருந்தார்: இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பொம்பளை யார்? மீன்கார ஹசிந்தா என்று சொல்லியிருக்கிறார்கள். 'ஹசிந்தாவுக்குச் சொந்தம்னு சொல்லிடு' என்று யாஹைராவுக்குப் பாடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக நெலிதா அவர் குழுவில் பாடுகிறாள். ஹசிந்தா ஒரு தடவை குழு முழுக்கச் சாப்பிடுகிற அளவுக்கு மீன் பொரித்துக் கொடுத்தனுப்பி, இந்த மனுஷனும் விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டார். சமைத்த கையின் பேர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

யாஹைராவுக்கு வாய் குழறியது. "நான்... ஹசிந்தா அம்மாவோட பொண்ணு."

 ஹசிந்தா விசிறியை மடியில் வைத்தாள். எழுந்தாள்.

"என்னது? என் வயித்துலயா பிறந்த? எப்போ, நான் தூங்கிட்டிருக்கும்போதா?"

ஜனம் வெடித்துச் சிரித்தது. ஹசிந்தா சிரிக்கவில்லை. "எனக்கு ஒரே பொண்ணு. பின்னாடி நின்னு இடுப்பை ஆட்டுறான்னு சொன்னீங்களே, அவதான். அந்தக் குரலு அவளோடது. பேரைத் திருடுனீங்க சரி, பெத்தவளையுமாடா திருடுவீங்க?"

"சும்மா சொன்னா ஆச்சா? பாடிக் காட்டச் சொல்லு!" என்று தொமித்திலா எழுந்து கத்தினாள்.

நெலிதா அதற்குள் மேடையில் ஏறிவிட்டாள். பாடுகிறவர்களின் மைக் எல்லாம் செத்த மைக், ஒலிப்பதிவுதான் ஓடும். அறிவிப்பாளர் கையில் இருப்பது ஒன்றுதான் உயிரோடு இருக்கும். அவள் சேப்போவின் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். அவரும் இறுக்கிப் பிடிக்கவில்லை. கீழேயிருந்து திமானா கையைக் காட்ட, ரோலோ ஒலிப்பதிவைத் தட்டிவிட்டான்.

"நிறுத்துடா ரோலோ! நானே குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், எதுக்குடா அது?"

ரோலோ முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நிறுத்திவிட்டான். தோல்வாத்தியக்காரர் தானாகவே தாளத்தைத் தொடங்கினார். கிட்டார் ஒரு சுற்று ஓடி, பேர் கூவ வேண்டிய இடத்துக்கு வந்தது.

"சேப்போ, வாயைத் திறந்த, வேலை போச்சு!" என்று திமானா கர்ஜித்தார்.

சேப்போ வாயைத் திறக்கவில்லை. தன் பேரைத் தானே கூவுவது எங்கள் பக்கம் கேவலம், நெலிதாவும் கூவவில்லை. அந்த இடம் வெறுமையாகவே கடந்தது. அவள் பாடினாள். வாசலில் நிற்கிறவனுக்கு இல்லை, நேரே திமானாவின் முகத்தைப் பார்த்து, உன் சாவியை வாங்கிக்கோ என்று பாடினாள். ஒலிப்பதிவில் இருந்த குரல்தான், அதைவிட ஒரு பிடி கோபம் கூட. முதல் அடி முடிவதற்குள் அசுன்சியோன் தொப்பியைக் கழற்றிவிட்டார். வாத்தியம் திரும்பவும் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. சேப்போ குனிந்தபடியே நின்றார்.

"நெலிதா செர்னாகேவின் குரலில்!"

கூவியது தொமித்திலா. ஆட்டுக்கறி விற்று விற்றுப் பழகிய தொண்டை, மைக் தேவைப்படவில்லை. அடுத்த சுற்றில் மைதானமே கூவியது.

பட்டையை ஹசிந்தா கட்டினாள், கண்ணீர் மறைத்ததால் கோணலாகக் கட்டினாள். அன்றே நெலிதாவுக்கு வேலை போயிற்று. மேடைக்குப் பின்னால் யாஹைரா விசும்பிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நானும் ஒரு பாட்டு பாடினேன்க்கா. என் குரலைத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"அழாதடி, மை வழியுது. உன் மேல கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா உன் பேரையும் ஒரு நாள் அழிப்பான் அந்தப் பாவி. அன்னைக்கு என் வீட்டுக்கு வா."

வருஷம் திரும்புவதற்குள் அதுவும் நடந்தது. போஸ்டரில் வேறு முகம், பாட்டில் வேறு பேர், குரல் மட்டும் அதே குரல். நெலிதா இப்போது கல்யாணங்களில் பாடுகிறாள். ஆல்பம் இன்னும் தும்பேஸ் முதல் லிமா வரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அல்கரோபாலில் மட்டும், எந்த டாக்சியில் அந்தப் பாட்டு வந்தாலும், அந்த இடம் வந்ததும் தெருவில் நிற்கிறவர், கறி வெட்டுகிறவர், கள் குடிக்கிறவர் எல்லாரும் சேர்ந்து, "நெலிதா செர்னாகேவின் குரலில்!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலில் ஒலிபெருக்கி அமுங்கிப் போகும். இப்போது பாட்டில் யார் பேர் இருக்கிறது என்று அல்கரோபாலில் ஒருத்தருக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நெலிதா அம்மாவின் கடையில் இருந்தபோது ஒரு டாக்சி வந்தது. சந்தையே கத்தியது. ஹசிந்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டியாடி?"

"கேட்டேன். இங்க கத்தி என்ன பிரயோஜனம்? லிமாவுல கத்தச் சொல்லு," என்றாள் நெலிதா. எழுந்து போய், கழுவி வைத்திருந்த மீன் சட்டியை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.